யாழ்ப்பாணம் போன மருத்துவமாது

புத்தளத்துக் கனமூலைக்குக் கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் அந்த மருத்துவமாதின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த உருவம், ஹிஜாபுக்கு மேல் சிவப்பு ஹெல்மெட், பழைய சின்ன மோட்டார் சைக்கிள். நிறுத்தியதும் அதன் டாங்கியை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்.

ஒருநாள் கராஜில், யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றுகூடல் பற்றிக் கதை வந்தது. புது பைக் இருந்தும் தூரத்தை நினைத்து நான் தயங்கிக்கொண்டிருந்தேன். ஒயில் மாற்ற வந்திருந்த அந்த மருத்துவமாது, "நான் போறன்" என்றார்.

மெக்கானிக் சிரித்தார். "அது ஆம்புளையள்ற கூட்டம், மிஸ். இந்தப் பைக் மதவாச்சியும் தாண்டாது."

அவர் சிரிக்கவில்லை. "தொண்ணூறுல புலிகள் முஸ்லிம் ஆக்கள் எங்கள எல்லாரையும் அங்கருந்து வெறுங்கையோட வெரட்டினாங்க. எனக்கு ஏழு வயசு. உம்மாட கையப் பிடிச்சி நடந்து வந்தன். அந்த ரோட்டுல திரும்பிப் போக ஆரிட்டக் கேக்கணும்?"

நான் போகவில்லை. இரண்டு கிழமை கழித்து அவரைக் கண்டதும், "யாழ்ப்பாணம் போனீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"ஓம். எங்கட வீட்டு வாசல்ல நிண்டு ஹோர்ன் அடிச்சன். இப்ப இருக்கிற மனுசி வந்து, ஆர் வேணும் எண்டு கேட்டா. ஆரும் வேணாம், இது எங்கட வீடு எண்டு சொல்லிட்டு வந்தன்."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்றுகூடலுக்குப் போனாரா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவேயில்லை.