அவள் தொடாததை நானும் தொடவில்லை

எங்கள் வீட்டில் அதைக் காணாக்கடி என்றே நம்பினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பூச்சி கொல்லாமரத் தோப்பிலிருந்து வந்து என்னை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது என்பது அம்மாவின் முடிவு. குழித்துறைக்கு மேற்கே எங்கள் வீட்டைச் சுற்றிலும் கொல்லாமரங்கள்தாம். வெளியூரில் முந்திரி என்பார்கள். மாசி, பங்குனியில் பழம் பழுத்து, பிள்ளைகள் அண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையை, சுட்டுத் தின்னும் நாட்களில் எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். உதடு வீங்கும். ஒன்றிரண்டு முறை மூச்சும் திணறியிருக்கிறது. அம்மா அறுகம்புல்லும் மிளகும் இடித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்து, கம்பளியால் என் முதுகைத் தேய்த்துவிடுவாள். மறுநாள் எல்லாம் அடங்கிவிடும். பூச்சியின் மேலிருந்த நம்பிக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

அது பூச்சியல்ல என்று எனக்குப் புரிந்தது பதினெட்டு வயதுக்கு மேல்தான். அப்போது நான் எங்கள் சபையைச் சேர்ந்த ரேந்தைக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். தலையணையின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, லேஸ் எனப்படும் ரேந்தை பின்னுவோம். என் பக்கத்துத் தலையணை என் தோழியுடையது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவாள். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். ஓர் ஆடி மாதம், கொட்டும் மழையில், ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்த எனக்குக் கட்டைகளைப் பிடிக்க முடியாதபடி விரல்கள் வீங்கிவிட்டன.

"ஏட்டி, இந்த மழையில எந்தப் பூச்சி உன்னக் கடிக்க வரும்? தோப்புக்குப் போனியா?"

போகவில்லை. பாயசத்தில் என்னென்ன இருந்தன என்று இருவரும் எண்ணிப் பார்த்தோம். பாலும் சேமியாவும் நான் தினமும் உண்பவை. மிஞ்சியது அண்டிப்பருப்பு ஒன்றுதான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பருப்பு எங்காவது ஆளைக் கடிக்குமா என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

நாடு விடுதலை பெற்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். ரேந்தைக்கூடத்தை நடத்திய போதகரம்மா, கிறிஸ்துமஸுக்கு முன் கொழும்பில் ஒரு விற்பனை வைக்க ஏற்பாடு செய்தார். மேசை விரிப்புகள், கைக்குட்டைகள், குழந்தைகளின் ஞானஸ்நான அங்கிகள் என்று ஓராண்டு உழைப்பைப் பெட்டிகளில் அடுக்கினோம். வாங்குகிறவர்களின் கண்முன்னே பின்னிக் காட்ட இரண்டு பெண்கள் வேண்டும். தோழியும் நானும் தேர்வானோம். என் வாழ்நாளில் நான் போன ஒரே அயல்நாடு அதுதான்.

அம்மாவுக்கு இருந்த பயமெல்லாம் ராமேஸ்வரத்துக்கு இப்புறம் இருந்த மண்டபம் முகாமைப் பற்றியது. இலங்கைக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்தி உடம்பைச் சோதிப்பார்கள். தடிப்பு, கொப்புளம் ஏதாவது கண்டால் அம்மை என்று சொல்லித் தனியே அடைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, இந்தக் காரியத்த ஒருத்தர்கிட்டயும் மிண்டாத. போதகரம்மாகிட்டயும் வேண்டாம்" என்றாள். தலையாட்டினேன். தோழியின் அம்மா ஒரு தகர டப்பா நிறைய முந்திரிக்கொத்து செய்து கொடுத்திருந்தார். பெயரில்தான் முந்திரி, உள்ளே சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும். "வழியில இத மட்டும் தின்னு, வேற எதையும் தொடாத" என்று தோழி அந்த டப்பாவை என் மடியில் வைத்தாள்.

மண்டபத்தில் என் கையையும் கழுத்தையும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். அந்தக் கடலைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறு எதையும் எழுத முடியாது. ஆகவே கொழும்புக்கு வந்துவிடுகிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டில் எங்களைத் தங்கவைத்தார்கள். அந்த வீட்டு அம்மாவைப் போல உபசரிக்கத் தெரிந்தவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. முதல் நாள் மதியமே மேசையின் நடுவில் ஒரு பெரிய கிண்ணத்தில், தேங்காய்ப்பாலில் வெந்த அண்டிப்பருப்புக் கறி.

"எடுங்கோ பிள்ளையள், வெட்கப்படக்கூடாது. கஜுக் கறி. உங்களுக்கெண்டே காலமை ஊறப்போட்டது."

போதகரம்மா எதிரே இருந்தார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது; தோழிக்கும் அது தெரியும். நான் வாயைத் திறக்குமுன் தோழி தன் தட்டை மறைத்துக்கொண்டு, அழாத குறையாகச் சொன்னாள்:

"அம்மா, கோவிக்கப்பிடாது. எனக்கு அண்டிப்பருப்பு ஆகாது. தின்னா தேகமெல்லாம் தடிச்சிரும்."

"அய்யோ, கஜு ஆகாத பிள்ளையும் இருக்குதோ!" என்று அவர் திகைத்தார். "அப்ப மற்றப் பிள்ளைக்கு?"

"அவளுக்கும் வேண்டாம் அம்மா. நான் தின்னாததை அவளும் தின்னமாட்டா. சின்னதிலயிருந்தே அப்பிடி ஒரு பழக்கம்."

சிரித்துவிடாமலிருக்க நான் தண்ணீர் குடித்தேன். அந்த ஒரு பொய்யில் எனக்கு ஒரு கோட்டை கிடைத்துவிட்டது. அன்று முதல் எந்தத் தட்டு வந்தாலும் வீட்டம்மா தோழியிடம்தான் சொல்வார்: இதில் கஜு இருக்கிறது, இதில் இல்லை, இதில் அரைத்து விட்டிருக்கிறேன். நான் தோழியின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் தொடுவதைத் தொடுவேன். அவள் தொடாததை நானும் தொடவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிய வாரங்கள் அவை. போன இடமெல்லாம் கேக். கொழும்பில் லவ் கேக் என்று ஒன்று செய்கிறார்கள். ரவையும் முட்டையும் தேனும் சேர்த்து, பன்னீர் மணக்க, அண்டிப்பருப்பை மாவாக இடித்துக் கலப்பது. பார்த்தால் பருப்பு இருப்பதே தெரியாது. ரேந்தை வாங்க வந்த பெண்கள் ஆசையோடு நீட்டிய துண்டுகளையெல்லாம் தோழி கைகூப்பி மறுத்தாள். இனிப்பென்றால் உயிரை விடுகிறவள் அவள். இரவு படுக்கையில், "ஏட்டி, இந்தக் கேக்குக்கெல்லாம் நீ பரலோகத்துல பதில் சொல்லணும் கேட்டியா" என்று என் காதில் முணுமுணுப்பாள்.

விற்பனை நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்ப வேண்டிய நாளின் முந்தைய மாலை, தோழியும் போதகரம்மாவும் முன்னறையில் மிஞ்சிய ரேந்தைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில்தான் வீட்டம்மா தோழியைக் கூப்பிட்டு, "இண்டைக்கு உமக்காகக் கஜு போடாமல் கேக் செய்யிறன் பிள்ளை. உரலையும் கழுவிப் போட்டன்" என்று சொல்லியிருந்தார். ஆகவே, ஒரு சிறு தட்டில் கேக் துண்டொன்றை வைத்து அவர் என்னிடம் நீட்டியபோது எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. இவ்வளவு நாளும் கண்ணால் மட்டும் பார்த்திருந்த பண்டம். பாதியைக் கடித்து விழுங்கிவிட்டேன். அதன் ருசி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதை மறுக்க முடியாது.

அவர் என் அருகில் குனிந்து, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல் சொன்னார்:

"சிநேகிதிக்குச் சொல்லாதையும். அவவுக்குச் செய்தது வேறை. இது உமக்கெண்டு கஜு போட்டு நான் தனியா எடுத்து வச்சது. அவவுக்காக நீரும் எத்தினை நாளைக்கு வாயைக் கட்டுறது, பாவம்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். அதற்குள் நாக்கின் அடியில் அரிப்பு தொடங்கிவிட்டது, காதுக்குள்ளும், உள்ளங்கைகளிலும். தொண்டையை யாரோ மெல்ல முறுக்குவதுபோல் இருந்தது. என் தோழியை அழைக்க முயன்றேன், குரல் எழவில்லை. மேசையிலிருந்த கோப்பையைத் தள்ளிவிட்டேன். அது உடைந்த சத்தம் கேட்டுத்தான் அவள் ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"எனக்கில்ல அம்மா! ஆகாதது எனக்கில்ல, இவளுக்காக்கும்! நான் பொய் சொன்னேன், டாக்டரைக் கூப்பிடுங்க!"

அடுத்த தெருவிலேயே ஒரு டாக்டர் இருந்தது என் ஆயுள். அவர் வந்து ஊசி போட்டது, போதகரம்மா என் தலையை மடியில் தாங்கியபடி வாய்விட்டு ஜெபித்தது, ஜன்னலுக்கு வெளியே ரயில் போன சத்தம், எல்லாம் துண்டுதுண்டாக நினைவிருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போகத் தொடங்கியது. இது பூச்சிக்கடியல்ல என்றும், சில உடம்புகளுக்குச் சில உணவுகள் இப்படி விஷமாகும் என்றும் டாக்டர் சொன்னார். இன்று அலர்ஜி என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறோம். அன்று அந்தச் சொல் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. போகும்போது அவர் போதகரம்மாவைப் பார்த்து, "சோறு போடுகிறவர்களிடம் இதை மறைக்கக்கூடாது" என்றார். அவ்வளவுதான். ஆனால் மறைத்த தோழியும் நானும் தலைகுனிந்தோம்.

வீட்டம்மாவின் அழுகைதான் நிற்கவில்லை.

"என்ர கையாலதானே குடுத்தனான். என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, இந்த வீட்டுக்குள்ள கஜுவே வந்திராதே."

"கரையாதிங்க அம்மா. குத்தமெல்லாம் எனக்க வாய்க்குத்தான்" என்று சொன்ன தோழி, என் பக்கம் திரும்பி, அழுகையும் ஆத்திரமுமாக, "ஏட்டி, நீ செத்துப் போயிருந்தா, இத்தன நாளு நான் கேக்கு தின்னாம கெடந்தது வெறுதே போயிருக்கும், தெரியுமா?" என்றாள்.

அதைக் கேட்டதும் வீட்டம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "அப்ப உமக்குக் கஜு ஆகுமோ?"

"கொல்லாந்தோப்புல பெறந்து வளந்தவளாக்கும் அம்மா நான்."

அவர் எழுந்து போய், கஜு போட்ட மீதிக் கேக்கை முழுவதுமாகக் கொண்டுவந்து அவள் முன்னே வைத்தார். என் தோழி என்னைப் பார்த்தபடி, கண்ணீர் வழிய, ஒவ்வொரு துண்டாகத் தின்றாள். போதகரம்மா முதலில் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லோருமே சிரித்தோம். தின்று முடித்ததும் அவள் கிணற்றடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு கைகளையும் கழுவி, வாயையும் கொப்பளித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் என் கையைத் தொட்டாள். அந்தக் கை ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. எத்தனையோ பேர் என் கையைப் பிடித்திருக்கிறார்கள்; அந்த ஈரத்தை நான் வேறு எந்தக் கையிலும் உணர்ந்ததில்லை.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொழும்பிலயும் கொல்லாந்தோப்பு உண்டோ?" என்றாள். அவளுடைய பூச்சி கடல் தாண்டியும் என்னைத் தேடி வந்திருந்தது.

மறு ஆண்டு வெள்ளவத்தை அம்மா தம் சபைப் பெண்களுக்கு ரேந்தை கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்; என் தோழியைக் குறிப்பாகக் கேட்டார். போய்வருகிறேன் என்று சொல்லித்தான் போனாள். அங்கேயே அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைந்தது. கடலைத் தாண்டுவதற்கான தாள்கள் ஆண்டுக்காண்டு கடினமாயின. எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் ஒருமுறை வந்தாள். கஜு போடாமல் தானே செய்த லவ் கேக் கொண்டுவந்தாள். "உரலு புதுசு, கழுவின பழசு இல்ல, பயப்படாம தின்னு" என்றாள். அவள் பேச்சில் யாழ்ப்பாணத்து இழுவை ஏறியிருந்தது. ஏட்டி என்கிற விளி மட்டும் மாறவில்லை. நான் முழுத் துண்டையும் தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தபோது, ஆற்றுப்பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். அவளைப் பார்த்தது அதுவே கடைசி என்று அப்போது தெரியாது.

நாங்கள் நாங்களாகவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் அந்த மாலை நேர்ந்திருக்காது என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்தப் பொய்யை என்னால் வெறுக்க முடியவில்லை. தன் நாவுக்குப் பிடித்ததையெல்லாம் இன்னொருத்திக்காக, அதுவும் குறும்பாய்ச் சிரித்துக்கொண்டே, விலக்கி வைத்த ஒருத்தியோடு நான் உண்டிருக்கிறேன். எந்த விருந்தில் உட்கார்ந்தாலும் என் கண் தானாகவே பக்கத்து இலைக்குப் போகிறது. அங்கே இருப்பவை வேறு யாருடைய விரல்களோ. அதனால் பரிமாறுகிறவர்களிடம் நானே முந்திக்கொண்டு, "கோவிக்கப்பிடாது, எனக்கு அண்டிப்பருப்பு ஆகாது" என்று சொல்லிவிடுகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்த கிழவி இப்படிக் கொச்சையாய்ப் பேசுகிறாளே என்று சிலர் பார்ப்பதுண்டு. அவை அவளுடைய சொற்கள். அவற்றைத் திருத்த எனக்கு மனமில்லை.

அம்மா போய்விட்டாள். போதகரம்மாவும் வெள்ளவத்தை அம்மாவும் போய்விட்டார்கள். தோழியும் சில ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அப்பால் அடங்கிவிட்டதாக அவளுடைய மகள் தெரிவித்தாள். அன்று செத்துப்போயிருக்க வேண்டிய நான் மட்டும் இன்னும் இருக்கிறேன்.