குளிக்கப் போகுமுன் குளிக்கவும்

போன சனிக்கிழமை குளிக்கப் போனேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குளிக்காமல் திரும்பி வந்தேன் — அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டிக்கு மேலே மலைப்பாதையில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் குளியல் மாளிகை ஒன்று இருக்கிறது. பல வருஷம் பூட்டிக் கிடந்ததைப் பழுதுபார்த்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். நீச்சல் குளம், நீராவி அறை, பலகை அடித்த சவுனா என்ற வெப்ப அறை... எல்லாம் உண்டு. நாங்கள் போனது என் மனைவி சரோஜாவின் முழங்காலுக்காக.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அவள் வீடு கம்பளையில், மலைச்சரிவில். முப்பத்தெட்டுப் படிகள் — எண்ணியிருக்கிறேன். சரோஜாவால் பத்துக்கு மேல் முடியவில்லை. "அம்மா வராம எப்படி?" என்று மகள் போனில் அழுகிறாள். ஆவி பிடித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். டயரியில் பட்டியல் போட்டேன். துவாய் இரண்டு, ரப்பர் செருப்பு, சோப்பு, மாற்றுடுப்பு... மொத்தம் பதினான்கு. சனிக்கிழமை அல்லவா? காலையிலேயே தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டேன். சரோஜாவையும் விடவில்லை.

"எனக்கு வெள்ளிக்கிழமதானே?"

"போறதே குளிக்கத்தான். அங்க அலசிக்கலாம்."

பெண்கள் பகுதிக்குப் பொறுப்பு பரீதா. கட்டுகஸ்தோட்டைக்காரி. வாசலிலேயே எங்கள் தலைகளைப் பார்த்துவிட்டாள்.

"அல்லாவே! ஐயா, இந்த எண்ணயோட உள்ள போக ஏலா."

"குளிக்கத்தானேம்மா வந்திருக்கோம்?"

"குளிச்சிட்டுத்தான் வரணும்."

"குளிச்சிட்டு எதுக்குக் குளிக்க வரணும்?"

அவள் சுவரைக் காட்டினாள். மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது: இறங்குமுன் நன்றாகக் குளிக்கவும். எண்ணெய் கூடாது.

"அந்தப் பைப்புல அலசிட்டு வாங்க. பதினொண்ணோட நீராவி ரூம்ல லேடீஸ் டைம் முடிஞ்சிரும், அக்கா."

மணி பத்து பத்து. தண்ணீர் ஐஸ். சோப்பைப் போட்டுத் தேய்த்தேன், எண்ணெய் அசையவில்லை. பதினான்கு பொருளில் சீயக்காய் இல்லை!

சரோஜா கைப்பையைத் திறந்தாள். பத்திரிகைத் தாளில் மடித்த ஒரு பொட்டலம். சீயக்காய்த் தூள்.

"லிஸ்ட்ல இல்லையே?"

"லிஸ்ட் ஒங்களோடது. தல என்னோடது."

"எனக்கும் கொஞ்சம் குடேன்."

"ஒரு தலைக்குத்தான் இருக்கு. முழங்கால் வலி ஒங்களுக்கா, எனக்கா?"

பரீதா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அலசி முடித்த சரோஜா, அவள் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.

நான் ஆண்கள் குளத்தின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பார்க்க மட்டும் அனுமதி. நீல ஓடு பதித்த குளம். தூணுக்குத் தூண் தோகை விரித்த மயில். பித்தளைச் சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர். இந்தக் கல்லையெல்லாம் மலை ஏற்றியவர்கள் தோட்டக் கூலிகளாக வந்த எங்கள் ஆட்கள். அவர்களில் ஒருவரும் இதில் கால் நனைத்திருக்க மாட்டார். அன்று தோலைப் பார்த்து நிறுத்தினார்கள். இன்று எண்ணெயைப் பார்த்து நிறுத்துகிறார்கள். முன்னேற்றம்தானே?

பதினொன்று ஐந்துக்குச் சரோஜா வந்தாள். முகம் சிவந்து, முடி ஈரமாக. வாசலில் ஒன்பது படிகள். கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படியாக, தானே இறங்கினாள்.

"வலி போயிடுச்சா?"

"போகல. கொறஞ்சிருக்கு. இன்னும் மூணு வாரம் வந்தா கம்பளைக்கு ஏறிடுவேன்."

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எண்ணெய் காதுவரை வழிந்திருந்தது.

மாலையில் டயரியைத் திறந்தேன். இருபத்தேழு வருஷமாக என் டயரிகளில் வேறு யாரும் பேனா வைத்ததில்லை. பதினான்கு பொருளுக்குக் கீழே பதினைந்தாவதாக ஒன்று. சரோஜாவின் கையெழுத்து:

'சீயக்காய் — ஒரு தலைக்கு.'