தாழியில் கிடந்த பழ பப்ஸ்

மே மாதம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பிளம்ஸ் வந்து இறங்கும். மலையிலிருந்து வரும் வழியில் அடிபட்டதைத் தனியாகக் குவித்து, கூறுகட்டி, கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவிலும் ஏதாவது வேலை இருக்கும். துடியலூருக்குத் திரும்பும்போது ஒரு பை நிறைய வாங்கி வருவேன். பேக்கரியில் விற்கும் பழ பப்ஸை அந்த அடிபட்ட பழத்தை வைத்தே வீட்டில் செய்யப் பழகியிருந்தேன்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை. மைதாவில் வனஸ்பதியைப் போட்டு, புட்டு மாவு போல உதிரும்வரை விரலால் பிசற வேண்டும். பானைத் தண்ணீரைத் தெளித்துச் சேர்த்து, ஈரத்துணி போட்டு மூடிவைக்க வேண்டும். பழத்தைக் கொட்டை நீக்கிச் சர்க்கரையோடு சுருளக் கிளறிக்கொள்ள வேண்டும். வட்டமாகத் தேய்த்து, பழத்தை வைத்து, சோமாசு போல மடித்து, ஓரத்தை ஃபோர்க்கால் அழுத்தினால் தீர்ந்தது. என்னிடம் வட்டமான அலுமினிய கரண்ட் ஓவன் ஒன்று இருந்தது. அரை மணி நேரத்தில் தெருவே மணக்கும்.

அந்த வாசத்துக்குத்தான் பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் வந்து நின்றார். நாங்கள் வீடு கட்டிய மனையே ஒரு காலத்தில் அவர்கள் தோட்டம். மிச்சமிருந்த நிலத்தில் இரண்டு எருமைகளை வைத்திருந்தார்கள். என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். மூன்று வருடப் பழக்கத்தில் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. "இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன் கண்ணு" என்பார். ஒவ்வொரு முறையும் நான் அதை நம்பினேன். என் அப்பாவும் அம்மாவும் சத்தியமங்கலம் பக்கம் பண்ணையத்தில் கூலிவேலை செய்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும். டவுனுக்கு வந்தாயிற்று, அதெல்லாம் இங்கே இருக்காது என்று நினைத்துக்கொண்ட முட்டாள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்து வைத்தால் பெருமையாக இருக்கும் என்றார். கொல்லைக் கதவருகில் நின்றபடியே செய்முறையை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். சனிக்கிழமை மாலை ஓவனையும் கேட்டு வாங்கிப் போனார். பதம் எப்படி வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளட்டும் என, அன்று செய்த பப்ஸையும் ஒரு தட்டு நிறையக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பார்த்தால், ஓவனின் உள்தட்டு என் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பின்பக்கமாகப் போனேன். எருமைக்குக் கழுநீர் ஊற்றும் தாழியில் என் பப்ஸ் அத்தனையும் ஊறி மிதந்துகொண்டிருந்தது. தவிட்டுத் தண்ணீர் பிளம்ஸ் பட்டுச் சிவந்திருந்தது.

அக்கா சமையலறை வாசலுக்கு வந்தார். நான் தாழியைப் பார்ப்பதையும் பார்த்தார்.

"எருமைக்குப் புடிச்சுதுங்களா?" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "தப்பா நெனைக்காத கண்ணு. ஊட்டுல பெரியவங்க இருக்காங்க. அவங்க மனசு கோணக்கூடாது பாரு."

அவருக்குப் பின்னால் என் ஓவன் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று மேடைமேல் வைத்திருந்தார். என் பாத்திரத்தைத் தேய்த்தால் தீட்டு போய்விடும். என் பக்குவம் ஆகும், என் கைபட்ட பண்டம் மட்டும் ஆகாது.

"ஓவன் எனக்கு வேணுங்க" என்றேன். அப்போதும் என் வாயில் 'ங்க'தான் வந்தது. இன்றுவரை அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மாவு பிசைந்தாகிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் உள்ளே போனேன். அந்தச் சமையலறைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் முறை. ஒயரைப் பிடுங்கிச் சுற்றி, ஓவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் அம்மா முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தார். "எருமையாச்சும் தின்னுச்சா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கொண்டு போய்க் குடுத்துப்போடு. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் கத்தாத கத்தலை நான் அம்மாவிடம் கத்தினேன். கொட்டாங்குச்சியில் காப்பி வாங்கிக் குடித்தவளுக்கு ரோஷம் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டேன். அம்மா உரித்த வெங்காயத்தை முறத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார். மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார். பத்து நாள் கழித்துச் சத்தியமங்கலம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதைப் பற்றியே பேச வேண்டாம் என்றார். அப்படி ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து வரவைத்ததற்காகவும் அந்த அக்கா மேல் எனக்கு ஆத்திரம் உண்டு.

அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. சாயங்காலம் பேக்கரிப் பெட்டி வந்தது, கார் வந்தது, சம்பந்தம் முடிந்தது. அந்தப் பேக்கரியில் மாவு பிசைந்தவர் யார் என்று அந்த வீட்டுப் பெரியவர்கள் விசாரித்திருக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் பெண் தனியாக வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அன்னைக்குத் தாழில கொட்டுனது நானுங்க அக்கா. அம்மா சொன்னாங்க, கொட்டிப்போட்டேன். ரெண்டு மட்டும் மாட்டுக் கொட்டகைல ஒளிஞ்சு நின்னு தின்னுட்டுத்தான் கொட்டுனேன். நல்லா இருந்துச்சுங்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் மனம் குளிர்ந்துபோவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. எனக்கு இன்னும்தான் எரிந்தது. தட்டில் வைத்து, உட்கார்ந்து தின்ன வேண்டிய ஒன்றைச் சாணி நாற்றத்தில் ஒளிந்து நின்று தின்றதை எனக்குச் செய்த உபகாரம் போலச் சொல்கிறாள்.

"உங்கம்மாகிட்டச் சொன்னியா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"சொல்லிட்டு வா. அப்புறம் பேசலாம்."

அவள் போனாள். திரும்பி வரவில்லை. கல்யாணத்தன்று மேளச் சத்தம் மதில் தாண்டிக் கேட்டது. நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். பாவம், அன்றைக்கு என்னிடம் பேப்பர் கொடுத்திருந்த பிள்ளைகள் ஒருத்தருக்கும் நல்ல மார்க் விழவில்லை. மறுநாள் மனசாட்சி உறுத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து திருத்தினேன்.