பொழி வெட்டிய காலை

பழையாறு எங்கள் ஊரில் நேராகப் போய்க் கடலில் விழுவதில்லை. முதலில் காயலாகப் பரந்து, ஒரு பக்கம் உப்பளங்களையும் மறுபக்கம் வீடுகளையும் தொட்டுக்கொண்டு நிற்கும். கடல் சேரும் வாயை மணல் அடைத்துக்கொள்ளும். அந்த வாயைத்தான் பொழி என்போம். மழையில் காயல் நிறைந்தால் மண்வெட்டியோடு போய்ப் பொழியை வெட்டுவோம். ஒரு முழ அகலம் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். எப்போது வெட்டுவது என்று சொல்லவேண்டியது எல்லாரிலும் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்காரர். அது என் அக்கா வீடு.

எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அத்தான் கடலோடு போனபிறகு அக்காவுக்கு நான், எனக்கு அக்கா. பதினாறு வருடம் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்த எனக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. இரண்டு படகுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். கன்னியாகுமரியில் சூரியனைப் பார்த்துவிட்டு ஓடுகிற கூட்டத்தில் நாலு பேரை இந்தப் பக்கம் திருப்ப முடியாதா என்ன? ஒரு வருடம் நாயாய் அலைந்ததில், கொச்சியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் காயலைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பிடித்திருந்தால் படகுத்துறை, விடுதி எல்லாம் கட்டுவார்கள். பிடிக்காவிட்டால் நான் மறுபடியும் விமானம் ஏறவேண்டியதுதான். பழைய முதலாளி விசாவோடு காத்திருந்தார்.

அவர்கள் வரும் வாரம் மழை பிடித்துக்கொண்டது. காயல் தளும்பி நின்றது. எனக்கோ கொண்டாட்டம். பொழியை வெட்டினால் சில மணி நேரத்தில் சேறுதான் மிஞ்சும், அதை எவன் வந்து பார்ப்பான்? தினமும் காலையில் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“வெள்ளம் வீட்டுக்குள்ள ஏறிச்சா?”

“இல்ல மக்கா, முற்றத்துலதான் கெடக்கு. நீ உன் சோலியப் பாரு.”

அவள் சொல்லாமல் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. ஊரே எனக்காகக் காத்திருக்கிறது என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அவர்கள் வரும் நாள் காலை. மேட்டில் இருக்கும் என் வாடகை வீட்டில் ஸ்டீல் தம்ளர்தான் உண்டு. விருந்தாளிகளுக்குச் சாயா கொடுக்கப் பீங்கான் கப் வேண்டும் என்று முற்றத்துத் தண்ணீரில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியே நீட்டினாள்.

“கதவத் தொறந்தா என்ன, நான் கள்ளனா?” என்று கத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுக்களையில் கணுக்கால் தண்ணீர். கேஸ் அடுப்பு கட்டில் மேல் ஏறியிருந்தது. அவள் பாதம் இரண்டும் ஊறி வெளுத்திருந்தன.

“எப்ப ஏறிச்சு?”

“செவ்வாக்கிழம.”

அன்று வெள்ளிக்கிழமை.

“ஏன் சொல்லல்ல?”

“சொன்னா வெட்டிருவாவல்லா.”

கோபம் முழுக்க என் மேல்தான். ஆனாலும் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அவள் வீட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பொழிக்கு ஓடினேன். முதல் வெட்டு நான் வெட்டியதுதான். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடவே இறங்கினார்கள்.

பதினொரு மணிக்குக் கார் வந்தபோது என் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. வந்தவர்களில் மூத்த அம்மாள் மலையாளம் கலந்த தமிழில், “நேற்று போட்டோ அனுப்பிச்சல்லோ, அந்த வெள்ளம் எங்கே?” என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நின்று சாயா குடித்தார், வெட்டியது நன்றாயிற்று என்றார், ஆலோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் காரில் ஏறினார். இனி போன் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா வீட்டுக்குத் திரும்பியபோது தண்ணீர் வடிந்து, அவள் துடைப்பத்தால் சேற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துடைப்பத்தை எடுத்தேன்.

“என்ன சொன்னாவ?”

“யோசிச்சுச் சொல்லுவாவளாம்.”

அடுக்களைச் சேற்றை இருவருமாக வாசல்வரை தள்ளினோம். பிறகு அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, “இன்னும் நாலு மணிக்கூர் நான் அந்தத் தண்ணிலயே நின்னிருப்பேனே மக்கா, நீ எதுக்கு உள்ள வந்த?” என்று அழுதாள்.