பதினொரு ஒன்றுகள்

போன வாரம் முந்தல் கடையொன்றில் தேங்காய் வாங்கினேன். கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய இறால் தீனிச் சாக்கைத் தேடியெடுத்து, அதில் போட்டுக் கட்டித் தந்தார். அந்த வாடை மனிதனைச் சும்மா விடுமா? வீடு வரும்வரை பஸ்ஸில் றிஸ்வானின் நினைப்புத்தான்.

ஒரு காலத்தில் இறால் பண்ணையில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை, குளங்களுக்குத் தீனி போடுவது. நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தடவை குப்புற விழுந்தவன். அவனோ மன்னாரிலிருந்து சின்ன வயதில் இடம்பெயர்ந்து வந்து, ஓலைக் கொட்டிலில் இருந்து படித்து, பல்கலைக்கழகத்தைக் கொஞ்சத்தில் தவறவிட்டவன். தன் தலைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டான். ஒன்றைப் பதினொரு தடவை வரிசையாக எழுதினால் வரும் எண் முதன்மை எண்ணா? அதாவது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணா? நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன்.

"ஒண்டை மூணு தரம் எழுதினா மூணால உடையுது. நாலு தரம் எழுதினா பதினொண்டால. அஞ்சு தரம் எழுதினா நாப்பத்தொண்டால. இது உடையாது மச்சான், இருந்து பாரு," என்பான் றிஸ்வான்.

பண்ணைக் கல்குலேட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் இடமில்லை. அதனால் பம்பு அறைச் சுவரில் அந்த எண்ணை வெண்கட்டியால் எழுதி, ஒவ்வொரு முதன்மை எண்ணாக எடுத்து வகுப்பான். மீதி வந்தால் ஈரச்சாக்கால் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவான். நான் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, எல்லாம் விளங்கியவன்போலத் தலையாட்டுவேன். வருடக்கணக்கில் இதே கூத்து. அவன் வகுத்துப் பார்த்த எண்கள் இருபத்தையாயிரத்தைத் தாண்டியிருந்தபோது குளங்களில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. இறால் செத்து மிதந்தது, பண்ணையை மூடினார்கள்.

"இவ்வளவு தூரம் உடையாதது இனியும் உடையாது" என்று முடிவுகட்டிவிட்டு அவன் கட்டாருக்குப் போனான். லீவில் வந்தால் கல்யாண வீடுகளில்கூட அதைத்தான் சொல்வான். வாழ்க்கையில் அவன் வென்றதாக நினைத்தது அது ஒன்றைத்தான்.

தேங்காய் வாங்கிய மறுநாள் மனம் கேட்காமல் கனமூலையில் அவன் வீட்டுக்குப் போனேன். பாரிசவாதம் வந்து கட்டிலில் கிடக்கிறான். பழைய கதை கதைத்தோம். பக்கத்திலிருந்த மகள் அந்த எண்ணைத் தன் போனில் அடித்துப் பார்த்தாள். விரலை எடுக்குமுன் விடை வந்துவிட்டது. பாவம், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

"உடையுதே வாப்பா! இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பதால."



"நான் அதைத் தாண்டிப் போனேனே மச்சான்," என்றான் றிஸ்வான். "அந்த எண் என்ட கைக்கு வந்திருக்கு. நாந்தான் பிழையா வகுத்துட்டு அழிச்சிருக்கன். எந்த இடத்துல பிழைச்சன்?"

மகள் தாளும் பேனையும் கொண்டுவந்தாள். அவனுடைய வலது கை அசையவில்லை. பம்பு அறையை இடித்துக் கல்லையும் கொண்டுபோய்விட்டார்கள். குளங்கள் இருந்த இடத்தில் உப்புப் பூத்த சேறு. அவன் எந்த இலக்கத்தில் இடறினான் என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.