விதைச் சாமை வெந்த நாள்

அந்தப் பானையை நான் என் கண்ணால் பார்த்தேன். சாமைச் சோறு பூப்போல வெந்திருந்தது. அடுத்த விதைப்புக்கென்று சாம்பல் கலந்து, வேறொரு பானையில் கொட்டி, அதன் வாயை மண் பூசி மூடி வைத்திருந்த சாமை அது. அக்கா மண்ணை உடைத்து, புடைத்து, உரலில் குத்தி, கல் அரித்து உலையில் போட்டிருக்கிறாள். அத்தனையும் ஒழுங்காகச் செய்தவளுக்கு அது விதை என்பது மட்டும் நினைவில் நிற்கவில்லை.

"வெதைய ஆக்கி வச்சிக்கிறா பாரு! இனிமே வெதைக்க இன்னாத்த போடறது, இவ தலையையா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள் அவள் மாமியார். சோம்பேறி என்றார்கள். சோம்பேறி எவளாவது உரல் குத்துவாளா? அவள் புருஷன்கூட அதைக் கேட்கவில்லை. அம்மா வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். மகளை மட்டும் அனுப்பவில்லை. "புள்ளய பஸ்லயே மறந்து வுட்டுட்டு எறங்கிடுவா" என்றாள் மாமியார்.

அழுதுகொண்டே கிடந்தவளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். இது மனச்சோர்வு நோய். அழுகையோடு நிற்காது, ஞாபகத்தையும் கவனத்தையும் பிடிக்கும், அழுகை நின்ற பிறகும் அது சீக்கிரம் விடாது என்றார். அப்படியேதான் நடந்தது. மாத்திரையில் தூக்கம் வந்தது. சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். ஆனால் தாளிக்கப் போனவள், அடுத்து என்ன என்று தெரியாமல் கரண்டியோடு நிற்பாள். சிரிப்பு வந்ததுதான் வினையாயிற்று. "பல்ல காட்டறா இல்ல? அப்பறம் இன்னா நோவு? நடிக்கிறா" என்றது ஊர். கால் ஒடிந்தவள் சிரித்தால் கால் கூடிவிட்டது என்றா அர்த்தம்?

மகளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க ஊர்க் கூட்டத்துக்குப் போனோம். மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "சாமை எப்பிடி ஆக்குவ? சொல்லு, கேப்போம்."

உலை வைப்பேன் என்றாள் அக்கா. கழுவுவேன் என்றாள். மறுபடி உலை வைப்பேன் என்றாள். சிரித்தார்கள். நரைத்த மீசைக்காரர்கள், பெரிய மனுஷன்கள். நான் எழுவதற்குள் அவளே எழுந்து, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கையைப் பிடித்தாள்.

"எனக்கு மறக்குது. இல்லன்னு சொல்லல. அதுக்கோசரம் எம்பொண்ணு எனக்கு இல்லன்னு ஆய்டுமா? இட்டுனு போறேன். தடுக்கறவன் வாங்க."

ஒருத்தனும் வரவில்லை.

இப்போது மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே அடுப்படியை எட்டிப் பார்க்கிறாள். "உப்பு போட்டாச்சும்மா. இனிமே மூடிடு." அக்கா மூடுகிறாள். அவ்வளவுதான் வேலை. இந்த ஒரு வார்த்தை சொல்லத்தான் அந்த வீட்டில் புருஷன், மாமியார், மாமனார் என்று இத்தனை பேருக்கும் நாக்கு எழவில்லை.