சந்தனப் பொட்டு வைத்த மூன்று கம்ப்யூட்டர்கள்

ஆயுத பூஜைக்குப் பிறகு எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் காய்ந்த சந்தனமும் பொரியும் வாடிய சாமந்தியும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். இன்று காலை பெரம்பலூரில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரின் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

படிப்பு முடிந்த கையோடு ஜெயங்கொண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு, நான். ஓனர் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். அதனால் பூஜையும் என் தலையில். நானோ எதையும் அரைகுறையாகச் செய்யாத ஆள்! முன்பக்கம், பின்பக்கம், கண்ணில் பட்ட சுவிட்ச் எல்லாவற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சந்தனம் வைத்தேன்.

மறுநாள் மூன்றில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

பெஞ்சில் நாலு பேர். அதில் மீன்சுருட்டியிலிருந்து வந்த செல்விக்கு என் வயதுதான் இருக்கும். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போட அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. மற்ற சென்டர்களெல்லாம் விஜயதசமி லீவு. நான் பட்டனை நாலைந்து முறை அழுத்திவிட்டு, பெரிய மெக்கானிக் போல, "கரண்டு ஏறி எறங்கிருச்சுங்க. உள்ள எரிஞ்சு போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து வந்தாள்.

"எங்க கொல்லையில மோட்டார் ஓடலைன்னா மோட்டாரைக் கொறை சொல்ல மாட்டோங்க. கரண்டு எதுவரைக்கும் வருதுன்னு கம்பத்துலேர்ந்து பாத்துக்கிட்டே வருவோம்."

மேசை விசிறியைச் சுவர் பிளக்கில் செருகினாள். ஓடியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாள். அதிலும் ஓடியது. கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் குனிந்தாள்.

"இங்க எதுக்குங்க இவ்ளோ சந்தனம்?"

துப்பட்டா நுனியால் துடைத்தாள். உள்ளே சின்னதாக ஒரு கறுப்புச் சுவிட்ச். நான் பொட்டு வைத்த அழுத்தலில் அணைந்து கிடந்தது. மூன்றிலும் அதே கதை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நாலே முக்காலுக்கு விண்ணப்ப எண் திரையில் வந்தது. "நம்பர் வந்துருச்சா?" என்று மற்ற மூவரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவளை அன்றுதான் பார்க்கிறார்கள். ஒருவர் பையிலிருந்து பொரியை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

செல்வி இப்போது திருமானூர்ப் பக்கம் நர்ஸ். அன்று தொடங்கிய பழக்கம் எங்களுக்குள் இன்னும் விடவில்லை. அந்தச் சென்டர் மூடி வெகுநாளாயிற்று. இந்த வருடம் என் மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள், கட்டிலில் படுத்தபடியே, போனில். "போயிருச்சும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அலைச்சல் இல்லை, நல்லதுதான். ஆனால் எழுந்து நிற்க அங்கே யாருமில்லை. மனசு கேட்காமல் செல்விக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நம்பர் வந்துருச்சா?" என்றாள்.

கேட்க அவளாவது இருக்கிறாள்.